பதினேழாவது தொப்பி

என் மனைவி துப்பாக்கி சுடுவாள் என்று ஊரில் சொன்னால், ‘யாரை?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னை இல்லை. அட்டையில் அச்சடித்த கறுப்பு வட்டத்தை. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் கிராமத்தில், காட்டோரமாக ஒரு துப்பாக்கிச் சங்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கேக் சாப்பிடக் கூப்பிட்டார். கேக் சாப்பிடப் போனவள் விண்ணப்பப் படிவத்தோடு திரும்பி வந்தாள். மூன்று வருஷம் ஆகிறது.

நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. கோயம்புத்தூரில் தீபாவளியன்று காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்த வீரன் நான். அது அவளுக்குத் தெரியும். “வாங்களேன், பஞ்சு நான் கொண்டு வர்றேன்” என்று ஞாயிறுதோறும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள்.

இந்த வருஷம் அவளுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. மாவட்டப் போட்டிக்குச் சங்கத்திலிருந்து மூன்று பேரை அனுப்புவார்கள். போன வருஷம் அவள் நாலாவதாக வந்தாள். நான் ஒரு தப்பும் செய்யாமலேயே இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நாலாவதாக வந்ததற்குக் காரணம் கட்டைவிரல். சங்கத்துப் பழைய கைத்துப்பாக்கியின் பின்னால் சின்னக் கொம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமாம், ஹேமர் என்கிறார்கள். ஒவ்வொரு குண்டுக்கு முன்னாலும் அதைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். கொம்போ குட்டை, ஸ்பிரிங்கோ முரடு, இவள் விரலோ சின்னது. நாற்பது குண்டில் முப்பதைத் தாண்டும்போது விரல் வீங்கிக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். கடைசிப் பத்தும் தறிகெட்டுப் போய்விடும்.

“இவ்வளவுதானே அம்மிணி?” என்றேன்.

அந்தத் தெனாவெட்டுக்குக் காரணம் உண்டு. கார்க் கதவின் கைப்பிடியை வரைவது என் வேலை. மனித விரல் எங்கே வளையும், எங்கே வழுக்கும், எங்கே வலிக்கும் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஒரு கொம்புக்கு ஒரு தொப்பி மாட்டத் தெரியாதா எனக்கு?

துப்பாக்கி வீட்டுக்கு வராது. சங்கத்தின் இரும்புப் பெட்டியிலேயே பூட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்கிறவர் ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி. நிரந்தரமாக எதையும் மாற்றக் கூடாது, மாட்டிக் கழற்றுகிற மாதிரி இருந்தால் பரவாயில்லை என்று அவளிடம் சொல்லியிருந்தார். ஹேமர் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். விரல் வீட்டிலேயே இருந்தது. துவைத்த துணியை அவள் மடித்துக்கொண்டிருந்தபோது வெர்னியர் அளவுகோலோடு போய்க் கையைப் பிடித்தேன்.

“ஏனுங்க, இந்தக் கைய எதுக்கு...”

“ஆடாத. அளவு தப்பிரும்.”

“இல்லீங்க, நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“அம்மிணி, சுடறது உன் டிபார்ட்மென்ட். டிசைன் என் டிபார்ட்மென்ட்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மிச்சத் துணியை மடிக்கப் போய்விட்டாள். நிபுணருக்குத் தரும் மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் சாயங்காலங்களில் வேறு வேலை பார்க்கவில்லை. வீட்டிலிருந்த த்ரீ-டி பிரிண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் தொப்பி கழன்று விழும் என்று பார்த்தாலே தெரிந்தது. நாலாவதை அவள் ‘வாத்து மூக்கு’ என்றாள். ஒன்பதாவதைப் பார்த்து, “இது எனக்கா, யானைக்கா?” என்றாள். ரோஷம் வந்து அதற்கப்புறம் காட்டுவதை நிறுத்தினேன். பதினேழாவது தொப்பிதான் என் உச்சம். துப்பாக்கியை வலக்கையில் பிடித்தால் கட்டைவிரல் இடப்பக்கமாக ஏறி வரும் அல்லவா? அந்த விரலை எதிர்கொண்டு அழைக்கிற மாதிரி இடப்பக்கம் சரிந்து, நுனியில் ஒரு சின்னக் குழியும் வைத்திருந்தேன். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று நானும் வருகிறேன் என்றதும் அவள் நிஜமாகவே பஞ்சை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அங்கே போனதும் லேத்காரர் என் காதில் பெரிய காதடைப்பானை மாட்டிவிட்டார். தொப்பியை அவரிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது யாருக்கு?” என்று கேட்டார். என்ன கேள்வி இது! “என் மனைவிக்குத்தான்” என்றேன். ஹேமரில் மாட்டி, குண்டு போடாத துப்பாக்கியை அவளிடம் தந்தார்.

அவள் அதை இடக்கையில் தூக்கினாள்.

“அம்மிணி! கை மாத்திப் புடிச்சிட்ட!”

காதடைப்பான் போட்டிருந்ததால் எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்குத் தெரியவில்லை. மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. லேத்காரர் என் காதடைப்பானை ஒரு பக்கம் மட்டும் விலக்கி, ஜெர்மனில் நிதானமாகச் சொன்னார்: “உங்கள் மனைவி இடக்கைக்காரர். மூன்று வருஷமாக அப்படித்தான் சுடுகிறார். உங்களுக்குத் தெரியாதா?”

அட, தெரியாதுதான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வலக்கதவுக்கு ஒன்று, இடக்கதவுக்கு ஒன்று என்று தினமும் இரண்டு கைப்பிடி வரைகிறவனுக்குத் தெரியாது. அவள் கட்டைவிரல் வலப்பக்கமாக ஏறி வந்து, என் குழியை எட்ட முடியாமல் தொப்பியின் முதுகில் வழுக்கியது. இன்னும் கால் மணி நேரத்தில் முதல் குண்டு.

லேத்காரர் தொப்பியைக் கழற்றி, ஓர் அரத்தை எடுத்து, மூன்று வாரம் நான் சேர்த்த சரிவையும் குழியையும் ஐந்து நிமிஷத்தில் ராவித் தள்ளினார். மொட்டையாக, தட்டையாக ஒரு சின்னப் பட்டன் மிஞ்சியது. அவள் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். விரல் நின்றது. நாற்பது குண்டும் சுட்டு, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் மூன்றாவதாக வந்தாள். நான் பயத்தை மறந்து கை தட்டினேன்.

காரில்தான் கேட்டேன். “ஏன் சொல்லல?”

“சொல்ல வந்தேனே. டிபார்ட்மென்ட்டுன்னீங்க. தொப்பிதானே, நேராத்தான் இருக்கும், எந்தக் கையா இருந்தா என்னன்னு நானும் விட்டுட்டேன்.”

“அது இல்ல அம்மிணி. பதினோரு வருஷமா.”

அவள் தன் இடக்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“ரெண்டாம் கிளாஸ்ல பென்சில பீச்சாங்கைல புடிச்சா டீச்சர் ஸ்கேலால போடுவாங்க. வீட்ல அம்மா அந்தக் கைல வேப்பெண்ணெயத் தடவி விட்டுருவாங்க. மூணாங்கிளாஸ் வர்றப்ப எல்லாமே சோத்தாங்கைக்கு வந்துருச்சு. சரியாப் போச்சுன்னாங்க. நானும் சரியாப் போச்சுன்னுதான் நெனச்சிருந்தேன். இங்க மொத நாளு அவரு துப்பாக்கியக் குடுக்கறதுக்கு முன்னாடி, எந்தக் கைன்னு கேட்டாருங்க. யோசிக்காமயே பீச்சாங்கைய நீட்டிட்டேன். அதுக்கு முன்னாடி யாரும் என்னைய அப்படிக் கேட்டதே இல்ல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. கேலி செய்ய ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. “நான் கேட்டிருக்கணும்” என்றேன். “போச்சாது, விடுங்க” என்றாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அவள் வெங்காயம் நறுக்க, நான் வழக்கம்போல அவளுக்கு இடப்பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவள் நறுக்கும் வெங்காயத்தில் ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லிசாகவும் இருக்கும். ‘ஒண்ணு கோயமுத்தூர்ல இருக்கு, ஒண்ணு பொள்ளாச்சில இருக்கு’ என்று விருந்தாளிகள் முன்னால்கூட நான் சிரித்திருக்கிறேன். பாதி வெங்காயத்தில் அவள் நிறுத்தினாள். கத்தியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, ஒரே அளவில் துண்டுகள் விழுந்தன.

“சித்த அக்கட்டால நில்லுங்க” என்றாள், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். “முழங்கை இடிக்குது.”

இந்தப் பதினோரு வருஷமும் நான் நின்ற இடம் அது. நகர்ந்து அந்தப் பக்கம் போய் நின்றேன்.