மயில் கேஸில் முதல் சாட்சி

மயிலுக்கு நெல் போட ஆரம்பித்ததற்குக் காரணம் எனக்குப் பொழுது போகாததுதான். அப்போது யாராவது கேட்டிருந்தால் படைப்பைப் பேணுதல், அது இது என்று பெரிதாக அளந்திருப்பேன். நான் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஓர் ஊரின் கடைசியில் வீடு. மாடியில் நின்றால் பின்பக்கம் முழுக்க வயல். காலையில் மாடியில் நெல்லை இறைத்தால் மயில்கள் கூட்டமாக வந்து இறங்கும். அதை வீடியோ எடுத்து, விலங்குகளை நேசிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அந்தக் குழுவில் பாதிப் பேர் வயலை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள். நான் மட்டும் என்னவாம், வயலை ஒட்டி வீடு கட்டினேனே தவிர ஒரு நாளும் சேற்றில் காலை வைத்ததில்லை.

மனிதன் ஒழிந்தால்தான் பூமி பிழைக்கும் என்பது அங்கே அன்றாடப் பேச்சு. கேட்கக் கேட்க எனக்கும் அது சரி என்றே பட்டது. போன வருஷம் செப்டம்பரில், படைப்புக்காக ஜெபிக்கும் மாதம் என்று எங்கள் மாதா கோயிலில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக் கையில் கிடைத்தால் எனக்குக் கேட்கவா வேண்டும். மனிதன்தான் பூமிக்குப் பிடித்த நோய் என்று ஒரே போடாகப் போட்டேன்.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், மனுஷன் நோய்னா, அந்த நோயைக் காப்பாத்தவா ஆண்டவர் சிலுவையில தொங்கினாரு?"

"காட்டை அழிக்கிறது யாரு ஃபாதர்? மயிலா?"

"மனுஷன்தான். அவன்கிட்டதானே பாத்துக்கச் சொல்லிக் குடுத்திருக்கு. அவனும் அந்தப் படைப்புல சேர்ந்தவன்தான் டீச்சர். அவனை வெளிய தள்ளிட்டுப் பாத்தா மிச்சமும் சரியாத் தெரியாது."

அவர் என் மகனைவிடச் சின்னவர். செமினாரியில் படித்ததை ஒப்பிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். போப்பாண்டவர் இதைப் பற்றி எழுதிய சுற்றுமடலை எனக்குத் தந்ததே அவர்தான். தண்ணீர், மரம், பறவை என்று வந்த இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். ஏழைகள் என்று வந்த பக்கங்களை, இது வழக்கமான பிரசங்கம்தானே என்று புரட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பாடத்தை இப்படிப் பாதி படித்துவிட்டு வருகிற பிள்ளைகளை நான் சும்மா விட்டதில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் மகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். அதனால் என்னிடம் அவருக்கு ஒரு மரியாதை. இந்த வருஷம் குறுவைக்கு நாற்றங்கால் விட்ட சில நாளில் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, மாடியில நெல்லு போடுறத ஒரு மாசம் நிறுத்துனீங்கன்னா நல்லாருக்கும். இங்க சாப்புட்டுட்டு நேரா என் நாத்தங்கால்லதான் எறங்குது. வெதைய கிளறித் தின்னுடுது. முருகன் வாகனம், கை வைக்க மனசு வரல. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"அதுங்க இருந்த காட்டை எல்லாம் அழிச்சது நாமதானே. அதுங்க எங்க போகும்? நீங்கதான் கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்."

"விட்டுக் குடுத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்றார். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு நாற்றங்காலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினார். மயில்கள் அதைச் சட்டை செய்யவில்லை. பட்டாசு வெடித்தார். பறவைகள் பயப்படுகின்றன என்று மாடியில் நின்று கத்தினேன். டீச்சர் சத்தம் போட்டதும் அதையும் நிறுத்திவிட்டார். நாற்றங்கால் பாழாகி, மறுபடி விதை வாங்கிப் போட்டார்.

ஒரு நாள் காலையில் அவர் வரப்பில் குனிந்து எதையோ இறைத்துக்கொண்டு போனார். நெல். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. விதையைத் தொடாமல் இருக்கத் தனியாக இரை வைக்கிறார், நாம் சொன்னது வீண் போகவில்லை என்று நினைத்து வீடியோ எடுத்தேன். "ஒரு விவசாயியின் மனமாற்றம்" என்று எழுதிக் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்தது.

மறுநாள் அந்த வரப்பு ஓரம் நெடுக மயில்கள் செத்துக் கிடந்தன.

அவர் செய்தது தப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தப்புதான். விஷம் கலந்த நெல்லைத் தின்று அந்த உயிர்கள் வாயில் நுரை தள்ளிக் கிடந்தன. அன்று ஆத்திரத்தில் வனத்துறைக்குப் போன் செய்தேன், அந்த வீடியோவையும் அனுப்பினேன். மதியத்துக்குள் வந்து அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். செத்த மயில்களின் படத்தைக் குழுவில் போட்டேன். "இவனை எல்லாம் தூக்கில் போட வேண்டும்" என்று யாரோ எழுதினார்கள். கீழே நான் கைகூப்பும் பொம்மையைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நற்கருணை வாங்குகிற கை அது.

மறுநாள் அவர் மனைவி கொல்லைப்புறக் கதவைத் தட்டினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்மேல் பாயத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி வந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

"யாரோ போன் பண்ணிச் சொல்லிட்டாங்க டீச்சரம்மா. எப்ப விடுவாங்கன்னும் தெரியல. ரெண்டாவது நாத்தும் போச்சுன்னதும் மனுஷன் சோறே திங்கல, அந்த நெனப்புலயே என்னமோ பண்ணிட்டாரு. ஆபீசருங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க."

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்க்கிறேன்" என்றேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

வனத்துறை அலுவலகத்துக்குப் போய், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அங்கிருந்த அதிகாரி என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"இது கவர்மென்ட் கேஸுங்க டீச்சர். வாபஸ்லாம் கிடையாது. வீடியோ எடுத்தது நீங்க. நீங்கதான் முதல் சாட்சி."

"நான் வரலேன்னா?"

"சம்மன் வரும். வந்துதான் ஆகணும்."

அங்கிருந்து நேராகப் பங்குச் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கண்டபடி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" இல்லை என்றேன். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். பங்கு மக்களில் இரண்டு பேரை ஜாமீனுக்கு நிற்க வைத்து, அந்தம்மாவோடு கோர்ட்டுக்கு அலைந்தவர் அவர்தான். ஆள் வெளியே வருவதற்குள் ஆற்றுத் தண்ணீர் வந்து, அக்கம்பக்கத்தில் எல்லாம் நடவு முடிந்துவிட்டது. அவர் குத்தகை வயல் மட்டும் அந்தப் போகம் தரிசாகக் கிடந்தது.

நான் மாடிக்குப் போவதை நிறுத்தினேன். குழுவிலிருந்தும் விலகினேன். அந்தம்மாவிடம் மட்டும் சொல்லவே இல்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். கேஸ் காகிதத்தில் என் பெயரைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் கொல்லைப் பக்கம் வரவே இல்லை. சண்டைக்கும் வரவில்லை.

போன மாதம் சம்மன் வந்து கோர்ட்டுக்குப் போனேன். கூண்டில் ஏறி நின்றேன். வீடியோ நான் எடுத்ததுதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வரப்பில் அவர் இறைத்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். நாற்றங்காலைப் பற்றியும், அவர் என்னிடம் வந்து கேட்டதைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று நிறுத்திவிட்டார் அரசு வக்கீல்.

"அந்த நபர் இப்ப இந்தக் கோர்ட்ல இருக்காரா? அடையாளம் காட்டுங்க."

பின்னால் வேறு கேஸ்காரர்களும் கும்பலாக நின்றிருந்தார்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கையைத் தூக்கவும் வரவில்லை. வக்கீல் மறுபடி கேட்டதும் தலையைத் தூக்கினேன். கும்பலை விலக்கிக்கொண்டு, எனக்குக் கை நீட்டுகிற சிரமம் வேண்டாம் என்பது போல, அவரே ஓர் அடி முன்னால் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கும்பிட்டார்.

"இவர்தான்" என்றேன்.