துரை வீட்டு நாய்க்குக் கஞ்சி மருந்து

மதராஸில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு நீண்ட விடுமுறையில், எங்காவது ஒரு டாக்டரிடம் பயிற்சி பெற்று வர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுச் சாப்பாட்டோடு பயிற்சியும் கிடைத்தால் நல்லதென்று பினாங்குக்குக் கப்பல் ஏறினேன். அப்பா மலாயாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. தோட்டத்திலிருந்து இறங்கினால் தானா ராத்தா டவுன். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இரண்டு அறை எடுத்து, நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். எனக்கு நாய் என்றால் பயம்.

நான் மாட்டை நினைத்துக்கொண்டு இந்தப் படிப்பில் சேர்ந்தவன். மாடு நின்ற இடத்தில் நிற்கும், அசை போடும், நம்மைப் பார்த்து ஒரு கருத்தும் சொல்லாது. நாய் அப்படியில்லை. நான் அறைக்குள் நுழைந்ததுமே அதற்குத் தெரிந்துவிடும். டாக்டர் ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. நான் பிடித்த பிடியில் நாய்க்கு நடுக்கமா எனக்கு நடுக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒருமுறை டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "தம்பி, ஊசி நாய்க்கு. நீர் ஏன் கண்ணை மூடுறீர்?" என்று கேட்டார்.

மலாயாவில் அப்போது அவசரகாலத்தின் கெடுபிடி உச்சத்தில் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஆனால் ஊரடங்கு. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு, காட்டுக்காரர்களுக்கு, போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். பிடிபட்டால் ஜெயில். தோட்டத்து வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் வண்டி டவுனுக்குப் போகும்போது அதில் நானும் தொற்றிக்கொள்வேன். டிரைவர் எங்கள் தோட்டத்து ஆள். கூட எப்போதும் துப்பாக்கியோடு ஒரு மலாய் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வருவார்.

ஒருநாள் காலையில் துரைசாணி என்னை பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார். கன்றுக்குட்டி அளவில் ஒரு மஞ்சள் நாய் வராந்தாவில் சோர்ந்து படுத்திருந்தது. இறைச்சியைத் தொடுவதில்லையாம், பிஸ்கட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதாம். நான் பாதுகாப்பான தூரத்தில் நின்று நாயைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தேன். அது தலையைத் தூக்கியதும் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கல்லீரல்" என்றேன்.

துரைசாணி வாயில் கைவைத்துக்கொண்டார். உடனே டாக்டரிடம் கொண்டுபோகச் சொன்னார். கல்லீரல் என்று சொன்னவனே கூட்டிப்போவதுதான் முறை அல்லவா? நாயின் வாரை என் கையில் கொடுத்தார். நாயைத் தொலைத்துவிட்டால் அப்பாவின் வேலை போய்விடும் என்ற கவலையில் வாரை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் பாதையோரத் தேயிலைக்குள் ஏதோ சலசலத்தது. கான்ஸ்டபிள் கையைத் தூக்கினார். வண்டி நின்றது. அந்த மாதிரி வளைவுகளில் காட்டுக்காரர்கள் முன்பு சுட்டிருக்கிறார்கள். டிரைவர் குனிந்துகொண்டார். கான்ஸ்டபிள் கதவைத் திறந்து, குதித்து, பள்ளத்தில் படுத்துக்கொண்டார். நானும் குனிந்திருப்பேன். ஆனால் திறந்த கதவு வழியாக நாய் பாய்ந்தது. மணிக்கட்டோடு நானும் பாய்ந்தேன்.

இறைச்சி தொடாத நாய்க்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. செடிகளுக்கு நடுவே என்னை இழுத்துக்கொண்டு போனது. செருப்பு ஒரு பக்கம், சட்டைப் பொத்தான் ஒரு பக்கம். பின்னால் கான்ஸ்டபிள் ஏதோ கத்தினார். நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அதைக் கேட்டுத் தாமும் பயந்துபோனதாக டிரைவர் பிறகு ஊரெல்லாம் சொன்னார்.

நாய் நின்ற இடத்தில் துப்பாக்கி இல்லை. எங்கள் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் அக்கா ஒருத்தி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலைவைத்து ஒரு வெள்ளாடு கிடந்தது. ஆட்டின் பின்னால் ஒரு சின்ன மூக்கும் ஒரே ஒரு குளம்பும் நீட்டிக்கொண்டிருந்தன.

"கிராணி மவனா? சாமி, சுட்டுறப் போறாங்க, சொல்லுங்க தம்பி!" என்று அவள் கும்பிட்டாள்.

எனக்குத் தெரிந்த மலாயில், "கம்பிங்! கம்பிங்!" என்று அலறினேன். ஆடு, ஆடு. கான்ஸ்டபிள் துப்பாக்கியை நீட்டியபடியே வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் துப்பாக்கி கொஞ்சம் தாழ்ந்தது.

"வேலிக்கு வெளியில ஓடிருச்சு தம்பி. வேலைய விட்டுட்டுத் தேடி வந்தேன். குட்டி வரமாட்டேங்குது," என்றாள் அக்கா.

ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. படிப்பு வேலை செய்கிறதே என்று எனக்கே ஆச்சரியம். மண்டியிட்டேன். மணிக்கட்டு வாரை அவிழ்த்து நாயை ஒரு செடியில் கட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, தலையை மெல்ல உள்ளே தள்ளி, விரலால் முழங்காலைத் தேடி, குளம்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு முன்னால் கொண்டுவந்தேன். ஆடு ஒருமுறை கதறியது. குட்டி வழுக்கிக்கொண்டு என் மடியில் விழுந்தது.

மூச்சில்லை.

இந்த மாதிரி சமயத்தில் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றினால் மூக்கில் அடைத்த நீர் வெளியேறும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எழுந்து நின்று சுழற்றினேன். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் கையில் குட்டி இல்லை. வழவழப்பை யாரும் வகுப்பில் சொல்லவில்லை. குட்டி கான்ஸ்டபிளின் தொப்பியை உரசிக்கொண்டு பறந்துபோய், மெத்தை மாதிரி தட்டையாகக் கவாத்து செய்திருந்த தேயிலைச் செடியின் தலைமேல் விழுந்தது.

கான்ஸ்டபிள் தொப்பியைத் தடவிப் பார்த்தார். பிறகு செடிமேலிருந்து ஒரு தும்மல் கேட்டது. இன்னொரு தும்மல். அப்புறம் கீச்சென்று ஒரு கத்தல்.

அக்கா ஓடிப்போய்க் குட்டியை முந்தானையில் அள்ளிக்கொண்டாள். அவள் எழுந்த இடத்தில், செடிக்கடியில், ஒரு டின் இருந்தது. கான்ஸ்டபிள் அதைப் பார்த்துவிட்டார். குனிந்து மோந்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"ஆப்பா இனி? நாசி?" என்றார். என்ன இது, சோறா?

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஆட்டுக்குத்தான் தம்பி, தெம்புக்கு... ஒரு வாய் கஞ்சி," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

வேலிக்கு வெளியே அரிசிக் கஞ்சி. அவளுக்கு லயத்தில் கைக்குழந்தை இருப்பது எனக்குத் தெரியும். வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஓபாட் அஞ்சிங்." நாய் மருந்து.

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். செருப்பில்லாத ஒரு கால், பொத்தானில்லாத சட்டை, முழங்கை வரைக்கும் ஆட்டின் ஈரம். வைத்தியன் என்று நம்ப எந்த முகாந்திரமும் என்னிடம் இல்லை. அவர் டின்னை நாயின் முன்னால் வைத்தார். மருந்து என்றால் குடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

அந்த நாய் எதையும் தொடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். 

நாய் முகர்ந்தது. நாக்கை நீட்டியது. டின்னை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. கடைசியில் காலி டின்னை மண்ணில் உருட்டி உருட்டி நக்கியது.

கான்ஸ்டபிள் சிரித்தாரா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. "மருந்து நல்ல மருந்து லா," என்று மலாயில் சொல்லிவிட்டு, ஆட்டைத் தானே தோளில் தூக்கிக்கொண்டார். அக்காவையும் ஆட்டையும் குட்டியையும் வண்டியில் ஏற்றி, வேலிக் கதவு வரைக்கும் திரும்பிப்போய் இறக்கிவிட்டுத்தான் டவுனுக்கு இறங்கினோம்.

டாக்டர் நாயை மேசைமேல் ஏற்றினார். "என்ன வருத்தம் எண்டு நினைக்கிறீர்?"

"கல்லீரல், சார்."

அவர் நாயின் வாயைத் திறந்தார். கடைவாய்ப் பல் ஒன்று பிளந்து, ஈறு சீழ்பிடித்து வீங்கியிருந்தது. மெல்ல முடியாமல்தான் பட்டினி கிடந்திருக்கிறது பாவம். கஞ்சிக்குப் பல் எதற்கு?

"வாயைத் திறந்து பார்த்தனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை, சார்."

"ஏன்?"

"கடிக்குமென்று, சார்."

டாக்டர் வெகுநேரம் சிரித்தார். பிறகு பல்லைப் பிடுங்க மயக்க ஊசி போட்டார். அன்றைக்கு நான் கண்ணை மூடவில்லை. மூடுவதற்குக்கூடத் தெம்பில்லை.

துரைசாணியிடம் டிரைவர், சின்னய்யா கொடுத்த மருந்தை நாய் பாத்திரம் காலியாகும்வரை குடித்தது என்று சொல்லிவைத்துவிட்டார். விளைவு, அந்த மருந்து தினமும் பங்களாவுக்கு வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. பல் பிடுங்கிய வாய் ஆறிய பிறகும் வந்தது. எங்கள் வீட்டு ரேஷன் அரிசியில் அம்மா கஞ்சி காய்ச்சுவாள். மருந்து சீசா ஒன்றில் ஊற்றி, தக்கை வைத்து மூடி, நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். "இதுக்காடா கப்பல் ஏறிப் போய்ப் படிச்சே?" என்று அம்மா ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

மதராஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஆட்டுக்குட்டியைப் பார்க்க லயத்துக்குப் போனேன். நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அக்கா எனக்குக் கறுப்புத் தேத்தண்ணி கொடுத்தாள். குட்டியைக் கொஞ்ச ஆசையாகக் கையை நீட்டினேன். அவள் அதைச் சட்டென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"தூர இருந்தே பாருங்க தம்பி," என்றாள்.