தலை தண்ணீருக்கு மேலே

அறிவித்தல் பலகை ஒன்றைக் கண்டால் அதை முழுவதும் வாசிக்காமல் என் மாமா நகரமாட்டார். அம்மாவின் மூத்த அண்ணன். திருகோணமலைக் கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்று, நியூசிலாந்தில் எங்களோடு வந்து தங்கியவர். ஆக்லாந்தின் ஒடாஹுஹு பேருந்து நிலையத்தில் புகைக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். வாழ்நாளில் புகைத்திராத அவர் அதைப் பார்த்தும் பணிவாகத் தலையாட்டுவார். அந்த வியாதி எனக்கும் அவரிடமிருந்துதான் தொற்றியது. பிற்காலத்தில் நானும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் மற்றவர்களுக்கு விதி எழுதும் வேலைக்குப் போய், மூன்றாவது மறுசீரமைப்பின்போது காலத்துக்கு முந்தியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். ஆகவே அப்பேர்ப்பட்ட மாமா ஒரு பலகையை மீறப்போன நாளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது, அம்மாவுக்கு ஏழாம் மாதம். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், நீண்ட காலத்தின் பின் தங்கிய பிள்ளை அது. அந்தத் தை மாதத்தில் திருகோணமலையில் அம்மாவின் தகப்பனார் இறந்துபோனார். செய்தி வந்தபோது அம்மா கிளினிக்கில் இருந்தாள். தொலைபேசியை எடுத்தவர் மாமா. அவரும் அப்பாவும் கராஜுக்குள் நின்று முடிவெடுத்தார்கள்: பிள்ளை பிறக்கும்வரை அம்மாவுக்குச் சொல்வதில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சாவுச் செய்தி சொல்லாமல் மறைப்பது நம்மவர் வழக்கம். எனக்கும் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் வாய்க்குப் பூட்டு இல்லை என்பது காரணம். இவை எல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்துகொண்டவை.

மூத்த மகனுக்குக் கடமை இருந்தது. திருகோணமலைக்காரர்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியாவில் செய்வார்கள். அங்கே ஏழு சின்ன வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஏழிலும் அள்ளித் தலையில் வார்த்தால்தான் செத்தவருக்குச் செய்ய வேண்டியது முடிந்ததாகக் கணக்கு. போரினால் அந்த வருடம் கன்னியாப் பக்கம் போக முடியவில்லை. ஊரிலிருந்த சின்ன மாமா வீட்டுக் கிணற்றடியிலேயே முடித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. நிலத்தைத் தோண்டினால் வெந்நீர் வருகிற நாட்டில் இருந்துகொண்டு, பெற்ற தகப்பனைக் குழாய்த் தண்ணீரில் அனுப்புவதா என்று அப்பாவிடம் கேட்டாராம்.

அம்மாவிடம் சொல்லச் சாட்டு ஒன்று தேவைப்பட்டது. அதை எங்கள் கார் கொடுத்தது. அந்தக் காலத்தில் எல்லோருடைய காரையும் போல அதுவும் யப்பானில் ஓடிக் களைத்து வந்து இறங்கியது. அதன் ஆசனத்துக்கு அடியில் மெல்லிய வெள்ளைத் துவாய் ஒன்று கிடந்தது. அதில் நீல நிறத்தில் ஒரு மலை, மலையடியில் ஆவி பறக்கும் ஒரு தொட்டி. மாமா அதை மேசையில் விரித்தார்.

"பாத்தியே தங்கச்சி, யப்பான்காரன் சுடுதண்ணியில இருக்கிறதுக்கெண்டே மலை ஏறுறான். நாங்கள் இங்க இருந்தும் ஒருநாள் போகேல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிட்டு வாறம்."

அம்மா துவாயைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தாள். முந்தின வாரம்தான் அவர் மீசையை எடுத்திருந்தார்.

"மீசை இல்லாம வயசு குறைஞ்சு கிடக்கு, அண்ணை."

"கடிச்சுது, எடுத்திட்டன்."

"நானும் வாறன்."

"உனக்கேன் இந்த நேரத்தில அலைச்சல்?"

"கால் வீங்கிக் கிடக்கு. காலை மட்டும் வைச்சுக்கொண்டு இருக்கிறன்."

தடுப்பதற்குச் சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் அவர்களிடம் இல்லை. அந்த மாதம் முழுவதும் வீட்டில் மீனும் இல்லை. மணம் வயிற்றைப் பிரட்டுகிறது என்றாள் அம்மா. விரதம் காக்க வேண்டியிருந்த ஆண்கள் இருவருக்கும் அது பெரிய வசதியாகப் போயிற்று. வசதியில்லாமல் போனது எனக்கு மட்டுந்தான்.

ஆக்லாந்திலிருந்து தெற்கே மூன்று மணி நேரம். கடைசியில் மலை மேல் கல் பரப்பிய பாதை, பிறகு பன்னச் செடிகளுக்கு நடுவே நடை. ஆளரவம் இல்லாத இடம். பாறை இடுக்கிலிருந்து வெந்நீர் வந்து ஒரு சின்னத் தடாகமாகத் தேங்கியிருந்தது. நாலெட்டுத் தள்ளிக் குளிர்ந்த ஓடை ஒன்று தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. முகப்பில் பலகை: தலையை எப்போதும் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கவும். நான் உரக்க வாசித்தேன். வெந்நீரில் ஒரு கிருமி இருக்கிறது, மூக்கு வழியாக ஏறி மூளையைத் தின்றுவிடும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள்; அதையும் அறிவித்தேன். மாமா பலகையை இரண்டு தரம் வாசித்துத் தலையாட்டினார்.

அம்மா ஒரு கல்லில் அமர்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். மாமா சற்றுத் தள்ளிப்போய் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே எள்ளுப் பிசைந்த சோற்று உருண்டைகள். நான் கையை நீட்டினேன்.

"தொடாத பிள்ளை! அது மாமாவின்ர பத்தியம்" என்றார் அப்பா.

மாமா அப்பாவின் காதோடு, "தெற்கு எது?" என்று கேட்டார். அப்பா வானத்தைப் பார்த்தார். ஊரில் மாசி மாதத்து உச்சி வெயில் தெற்கே சாய்ந்திருக்கும். அந்த நம்பிக்கையில் கையைக் காட்டினார். இங்கே மதியச் சூரியன் வடக்கே நிற்கும் என்று நான் திருத்தினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றார்கள்.

"இந்த நாட்டில சூரியனும் மாறித்தான் வேலை செய்யுது" என்றார் மாமா.

உருண்டையைப் பாறையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். நியூசிலாந்தின் அந்தப் பக்கங்களில் காகமே கிடையாது. வெகுநேரம் கழித்து ஒரு வாத்து ஆடி ஆடி வந்தது. மாமா யோசித்தார். காகம் இல்லாத இடத்தில் வாத்தைப் பதில் கடமைக்கு நியமிக்க ஏற்பாடு உண்டா என்று கச்சேரி மூளை தேடியிருக்க வேண்டும். அவர் தேடி முடிப்பதற்குள் வாத்து கடமையை ஏற்று முடித்துவிட்டது.

பிறகு வேட்டியோடு தடாகத்தில் இறங்கினார். மார்பளவு தண்ணீரில் நின்று, கைகூப்பி, மூச்சை இழுத்து, முழங்காலை மடித்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"மாமா, டோன்ட்! மூக்குக்குள்ள போகும்! செத்துப்போவீங்கள்!"

என் கத்தலுக்கு மலை பதில் சொன்னது. நாடிவரை தண்ணீரில் நின்ற மாமா அப்படியே நின்றார்.

"ஒருக்காத்தான், பிள்ளை."

"நோ!"

"ஒரு நாளைக்கு விடுங்கோ, மச்சான்" என்றார் அப்பா தாழ்ந்த குரலில்.

"தோயாம எப்பிடியப்பா ஏலும்?"

நான் அழத் தொடங்கினேன். மாமா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வரிசையில் காலையிலிருந்து நின்று, தன் முறை வந்தபோது கருமபீடம் மூடப்பட்ட மனிதரின் முகம் அது. அந்த முகத்தை அதற்கு முன் அவரிடம் நான் கண்டதில்லை.

கல்லிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அண்ணைக்குத் தலைச் சூடு போல. பிள்ளை, அந்தக் குளிர் தண்ணியை மொண்டு மாமாவின்ர தலையில ஊத்திவிடு."

பைக்குள் கையை விட்டு இன்னொரு ஐஸ்கிறீம் பெட்டியை எடுத்து நீட்டினாள். கழுவித் துடைத்த வெறும் பெட்டி. வெறும் பெட்டியை அவள் ஏன் இவ்வளவு தூரம் சுமந்து வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

மாமாவின் முகம் மெல்லத் தெளிந்தது. தலை தண்ணீருக்குக் கீழே போகக் கூடாது என்றுதான் பலகை சொல்கிறது. தண்ணீர் தலைக்கு மேலே போவதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெந்நீரில் நின்றபடியே தலையைக் குனிந்தார்.

"எண்ணி ஊத்து, பிள்ளை. ஏழு."

நான் ஓடைக்கும் தடாகத்துக்குமாக ஓடி ஓடி ஊற்றினேன். எனக்கு அது விளையாட்டு; அழுகை சிரிப்பாகிவிட்டது. மாமா கண்ணை மூடியிருந்தார், உதடு நடுங்கியது.

"குளிருதா மாமா?"

"ஓம்" என்றார்.

உடுப்பு மாற்ற ஆண்கள் காருக்குப் போனார்கள். அவர்கள் பன்னங்களுக்குள் மறையும்வரை அம்மா பார்த்திருந்தாள். பிறகு எழுந்து முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, மாமா நின்ற அதே பக்கம் பார்த்து நின்றாள்.

"எனக்கும் ஊத்து."

ஒன்று ஊற்றிவிட்டு நிறுத்தினேன்.

"இன்னும்."

ஒவ்வொரு தரமும் நான் நிறுத்தினேன்; ஒவ்வொரு தரமும் அவள் "இன்னும்" என்றாள். மாமாவுக்கு ஊற்றிய அளவு அவளுக்கும் ஊற்றியான பிறகுதான் "காணும்" என்றாள். கரையேறும்போது, "மாமாட்டைச் சொல்லக் கூடாது" என்றாள்.

மாமா திரும்பி வந்து அம்மாவின் கூந்தலிலிருந்து தண்ணீர் வடிவதைக் கண்டு திடுக்கிட்டார்.

"என்ன இது?"

"பிள்ளை விளையாட்டுக்கு எத்திப்போட்டுது, அண்ணை."

"வயித்துப் பிள்ளைக்காரிக்குக் குளிர் தண்ணியே? உனக்கு அறிவில்லையே, பிள்ளை?"

நான் நீதி கேட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் யப்பான் துவாயால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சின்னத் துவாயால் அவ்வளவு நேரம் துடைக்க முகத்தில் இடமில்லை. காலை மட்டும் நனைக்க வந்தவளின் பையில் மாற்றுச் சட்டையும் இருந்தது. வீடு வரும்வரை நான் கார் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

சித்திரையில் தம்பி பிறந்தான். துடக்குக் கழிந்த பிறகு மாமாவும் அப்பாவும் அம்மாவைக் கதிரையில் இருத்தி விஷயத்தைச் சொன்னார்கள். மாமா வசனங்களை ஆயத்தம் செய்து வந்திருந்தார். முதலாவது வசனம் சுற்றுநிருபம் போலவே வந்தது. இரண்டாவது வசனத்தில் குரல் உடைந்துவிட்டது. அம்மா அழுதாள். அவளைவிட அவர்தான் அதிகம் அழுதார்.

"குறை நினையாத தங்கச்சி. உனக்குத் தெரியாம இருக்க வேணுமெண்டுதான் அவ்வளவு பாடுபட்டனாங்கள்."

"உங்களிலை என்ன குறை, அண்ணை? நான் ஒண்டும் தெரியாமத்தானே இருந்தனான்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியில் தம்பியோடு இருந்த என்னைக் காட்டினார். "அண்டைக்குச் சுடுதண்ணிக்குப் போனமெல்லே? இவளின்ர கையாலதான் ஐயாவுக்கு ஏழும் வாத்தது."

சுடுதண்ணி என்றதும் எனக்கு ஆறாத ரோசம் வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். மாமாவின் தோளுக்கு மேலாக அம்மா என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னும் பின்னும் அவளிடம் நான் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

பழியைப் பிள்ளை மேல் போட்டது வெளியே வந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்.