தூக்க முடிந்த தொட்டிகள்

பூந்தொட்டிக் கடைக்கு யாரும் தொட்டி வாங்க வருவதில்லை. தோட்டம் வாங்க வருகிறார்கள், தொட்டியோடு திரும்பிப் போகிறார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் சாலையோரம், பச்சை வலைக்குக் கீழே என் கடை. மதிய ஷிப்டு ஆட்கள் உள்ளே போய்விட்டால் சாலையில் ஈ காக்கை இருக்காது. அப்போது மண் தொட்டிகள் மேல் ஒரு குடம் தண்ணீர் தெளித்துவிட்டு உட்காருவேன். சூடான மண் தண்ணீரை உறிஞ்சும் சத்தம் மெல்லக் கேட்கும். மழை வாசனை வரும். எந்தத் தொட்டி எந்த மாடிக்குப் போகும், அதில் என்ன பூக்கும் என்று நினைத்துக்கொண்டே கண் சொக்கும். கடையில் தூங்குகிறவன் என்று எனக்குப் பெயர். வாடகை வீட்டு மாடியில் செடி வைத்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிற நீங்களாவது நம்புங்கள், அது தூக்கமில்லை.

ஜூன் மாதத் தீபாவளி

எங்கள் தொழிலுக்குத் தீபாவளி ஜூனில் வரும். சுற்றுச்சூழல் தினத்தன்று கம்பெனிகள் தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்து, போட்டோ எடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடும். லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருப்பவர் அதை எங்கே நடுவார்? கறுப்புக் கவரோடு நேரே என் கடைக்குத்தான் வருவார். புங்கன் கன்றுக்கு ஜன்னலில் வைக்கிற தொட்டி கேட்டவர் உண்டு. "பெருசா வளராம பாத்துக்கறேன்" என்றார், பாவம்.

அப்படி வந்தவள்தான் ஸ்டெல்லா. ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை. கையில் எலுமிச்சைக் கன்று. மண் தொட்டியைக் காட்டி, வேருக்குக் காற்று போகும், வெயிலில் வெந்துபோகாது என்றேன். அவள் கேட்டதோ, "எவ்ளோ வெயிட்டுண்ணா?" வருஷத்துக்கு ஒரு வீடாவது மாறுகிறவளாம். இந்தப் பாடு எதற்கு, யாருக்காவது கொடுத்துவிடேன் என்றேன். "சொந்தமா ஒரு எடம் வாங்கற வரிக்கும் இது சாவக் கூடாதுண்ணா. கம்பெனி கன்னு குடுத்துச்சு, நட எடம் குடுக்கலியே!"

ஓட்டை

வீட்டுக்காரர்களுக்கு ஒரே பயம், தளத்தில் ஈரம் இறங்குவது. அதனால் குடியிருப்பவர்கள் ஒரு காரியம் செய்வார்கள், நீங்களும் செய்திருப்பீர்கள். தொட்டியின் அடி ஓட்டையைச் சிமெண்டு குழைத்து அடைத்துவிடுவார்கள். தளம் காய்ந்திருக்கும், செடி மூழ்கியிருக்கும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் ஸ்டெல்லா என்னிடம் வாங்கிப் போன லேசான தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இலையெல்லாம் மஞ்சள். கவிழ்த்தேன், குட்டை நாற்றம். அழுகிய வேரை வெட்டினேன். ஓட்டையைத் திறந்து அதன்மேல் உடைந்த ஓட்டுச் சில்லு வைத்து, மணல் கலந்த புது மண் போட்டேன். செங்கல் மேல் ஏற்றி வை, கீழே ஒரு தட்டு வை, தளம் நனையாது என்றேன். பிழைக்குமா என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. அவள் கண் கலங்கியது. "ஊட்டுக்காரம்மா மூஞ்சியே பாத்துக்கினு இருந்துட்டேண்ணா, வேர பாக்கல."

நீல டிரம்

பிழைத்தது மட்டுமில்லை, தொட்டி போதாத அளவுக்கு வளர்ந்தது. ஒருநாள் ஸ்டெல்லாவின் புருஷன் டேவிட், பாதியாக அறுத்த நீல டிரம்மைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து ஓட்டை போடச் சொன்னான். இந்தப் பக்கத்து மாடிகளில் பாதி நீல டிரம்தான். லேசு, உடையாது. எண்ணெயோ பழச்சாறோ வந்த டிரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை போட்டுத் தருவேன். இதை முகர்ந்தேன், கெமிக்கல் நெடியில் மூக்கு எரிந்தது.

"சோப்பு போட்டு கழுவிட்டேண்ணே, ஒண்ணும் ஆவாது" என்று டேவிட் சாதித்தான். டிரம் விற்றவர் என் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்காரர். ஆந்திராவிலிருந்து வந்தவர், எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். அவரையே கேட்போம் என்று கூட்டிப் போனேன். அவர் டேவிட்டை ஏற இறங்கப் பார்த்தார். "துணி ஊற வைக்கன்னு நெனச்சி குடுத்தேன். நானே அதுல தண்ணி புடிக்க மாட்டேன் நைனா, நீ எலுமிச்சங்கா துன்னப் போறியா?"

ஷேர் ஆட்டோ

கடைசியில் கைப்பிடி வைத்த குரோ பேக் ஒன்று கொடுத்தேன். பை வாங்கின கையோடு அப்போதைய வீட்டுக்காரரும் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சாமானெல்லாம் வண்டியில் போக, ஸ்டெல்லா எலுமிச்சையை மட்டும் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாளாம். முள் குத்திப் பக்கத்திலிருந்தவர் இறங்கிவிட்டாராம். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னாராம், "யம்மா, அந்த முள்ளு கொழந்திய உன் பக்கமா சாச்சி புடி, எனக்கு பேஜாரு பண்ணாத!"

தாமரைத் தொட்டி

மதியக் கனவு ஒன்றை நான் நிஜமாகவே செய்து பார்த்தேன். விளிம்பு முழுக்கத் தாமரை இதழ் வைத்து, என் கையாலேயே சிமெண்டில் வார்த்த தொட்டி. அழகென்றால் அழகு. ஆனால் ஒருவரால் அசைக்கக்கூட முடியாது. வீடு மாறுகிற ஊரில் அதை யார் வாங்குவார்? தெருநாய் ஒன்று உள்ளே சுருண்டு படுத்துக் கொட்டாவி விடும். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில்தான் கண் அசருவோம்.

ஒருநாள் வேப்பம்பட்டிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்து அதைத் தடவித் தடவிப் பார்த்தார். மாடிக்கு நாலு வேண்டும் என்றார். மனசு துள்ளியது. ஆனாலும் மண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் கனக்கும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். கையை எடுத்துக்கொண்டார். "நாலையும் மேல வச்சா, அடுத்த மழைக்குத் தளத்தோட சேந்து நான் கீழ் ஊட்டுலதான்பா இருப்பேன்."

கேட்காத கேள்வி

போன தை மாதம் ஒரு குட்டி யானை லோடு வண்டி கடை முன்னால் நின்றது. டேவிட்டும் ஸ்டெல்லாவும் இறங்கினார்கள். வண்டியில் பையோடு எலுமிச்சை. முள்ளுக்கு நடுவே வெள்ளைப் பூ. சாலைப் புழுதியையும் மீறி அந்த வாசனை வலைக்குள் வந்தது. ஆரம்பாக்கத்தில் துண்டு மனை வாங்கி வீடு கட்டிவிட்டார்களாம். சுவரோடு சுவராகக் கட்டியதில் மண் தெரிகிற இடம் ஒரு சாண்கூட மிச்சமில்லை. கேட் ஓரம் வைக்க ஒரு தொட்டி வேண்டும் என்றாள்.

பிளாஸ்டிக்கைக் காட்டினேன், ஃபைபரைக் காட்டினேன். இரண்டையும் தாண்டிப் போய்த் தாமரைத் தொட்டி முன்னால் நின்று, நாயைச் செல்லமாக விரட்டினாள். "இதாண்ணா." இரும்புக் கடை ஆட்களும் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அதை வண்டியில் ஏற்றினோம். அவள் வழக்கமாகக் கேட்கிற கேள்விக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. "என்னம்மா, வெயிட்டு எவ்ளோன்னு கேக்கலியே?" என்றேன். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஸ்டெல்லா சொன்னாள், "இன்னாத்துக்குண்ணா? இனிமே தூக்கிக்கினு போக வேணாமே!"

தூக்க முடியாத ஒரு தொட்டியை வாங்கத்தான் இந்தச் சாலையில் பாதிப் பேர் ஷிப்டுக்குப் போய் வருகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது, அதைத் தூக்கிய என் இடுப்புக்குத்தான் இன்னும் விளங்கவில்லை.