காற்றுக்கு நேரம் குறித்தவள்

ஓர் ஆலையின் புகைக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தவள் நான். அதற்காக அரசாங்கப் படிவத்தில், தெரிந்தே, ஒரு பொய்யும் எழுதினேன். முதலிலேயே சொல்லிவிட்டேன். மேலே படிப்பதும் படிக்காததும் உங்கள் விருப்பம்!

அந்த அனுமதிக்கான யோசனை பிறந்த இடம் லிட்டில் இந்தியா. மார்க்கெட் ஸ்திரீட் ஐந்தடியில், கடைகளை ஒட்டிய கூரையிட்ட நடைபாதையில், நின்று ஒரு கோப்பை தே குடித்துக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி. எதிரே துணிக்கடைக்காரர் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டினார். புகை ஊருக்குள் திரும்பவே இல்லை. தெருவோடு நகர்ந்து கடலைப் பார்த்துப் போயிற்று.

காலையில் நிலத்துக் காற்று, பிற்பகலில் கடற்காற்று... பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் அந்த நொடியில் ஓர் ஆலையையே காப்பாற்றிவிட்டதாகத் துள்ளினேன். தேயை முழுவதும் குடிக்கக்கூட இல்லை!

சுற்றுச்சூழல் அலுவலகத்தில் நான் இளநிலை அதிகாரி. கடலை ஒட்டிய சுங்கை பினாங்கு வட்டாரத்தில் அலுமினியம் உருக்கி வார்க்கும் சிறிய ஆலை ஒன்றின் கோப்பு அப்போது என் மேசையில் இருந்தது. புகைபோக்கியில் தூசியைப் பிடிக்கும் வடிகட்டி எரிந்துபோயிருந்தது. புதியது வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதமாகும். அதுவரை உலையை அணைக்க வேண்டும்; அல்லது நிபந்தனைகளோடு தற்காலிக விலக்குத் தர வேண்டும்.

ஆலை முதலாளி ராஜு அண்ணன் என் எதிரில் உட்கார்ந்து கையை விரித்தார். "மூணே மாசம்லா தங்கச்சி. அடுப்ப அணைச்சா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிரும். முப்பது பேருக்கு நான் என்னா பதில் சொல்றது? நீ வந்து சொல்றியா?"

அந்த முப்பது பேரில் பாதிப் பேர் என் அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள். ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறோம். எந்த முகத்தோடு சொல்வேன்?

ஆகவே நிபந்தனை எழுதினேன். உலை காலை ஆறிலிருந்து பதினொன்று வரை மட்டும் எரியலாம். புகை கடலுக்குப் போய்விடும். எத்தனை அழகான தீர்வு!

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. காற்றின் வழியில் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஏதும் உண்டா?

ஆலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பாலர்பள்ளி உண்டு. மதிலில் பட்டாம்பூச்சிகள் வரைந்திருக்கும். நான் பார்க்கப் போனபோது பள்ளி விடுமுறை, கதவில் பூட்டு. 'உண்டு' என்று எழுதினால் கோப்பு மேல்குழுவுக்குப் போய் ஒரு மாதம் தூங்கும். பூட்டிய பள்ளி பள்ளியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விடுமுறை இரண்டே வாரத்தில் முடியும் என்பது தெரியாதா? தெரியும்! தெரிந்துதான் 'இல்லை' என்று எழுதினேன்.

மேலதிகாரி கையெழுத்திட்டார். மறுநாள் லிஃப்டில் ஆலைக்காரர் ஒருவர் சிரித்தார். "ஓய் தங்கச்சி, காத்துக்கே ஷிஃப்ட் போட்டுட்டியாமே! ஓவர்டைம் உண்டா?" லிஃப்டே சிரித்தது. நானும்தான். சொல்லப்போனால், எனக்குப் பெருமையாக இருந்தது.

பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, பாலர்பள்ளி ஆசிரியை சரோஜா டீச்சர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"காலைல ஜன்னலத் தொறக்க முடியல மா. பிள்ளைங்கள வெளிய விட்டா இருமுதுங்க. தர்ஷினின்னு ஒரு பிள்ள, இன்ஹேலர் இல்லாம வகுப்புக்கே வர்றதில்ல இப்ப. சரியா நாங்க பாட்டு சொல்லிக் குடுக்கற நேரத்துலதான் புகை வருது! எந்தப் புத்திசாலிமா இந்த நேரத்தப் போட்டுக் குடுத்தது?"

அந்தப் புத்திசாலி அவர் எதிரில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"விசாரிக்கிறேன் டீச்சர்" என்றேன்.

நானே செய்ததை நானே விசாரிக்கிறேனாம்! அவர் எழுதிக் கொடுத்த புகார்த்தாளை இழுப்பறைக்குள் தள்ளினேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. அது அங்கேயேதான் கிடக்கிறது.

வருந்துகிறேனா என்று கேட்கிறீர்களா? விலக்குக்காக வருந்தவில்லை. இல்லவே இல்லை! குளிர்சாதன அறையில் உட்கார்ந்து 'மூடு' என்று எழுத யாராலும் முடியும். முப்பது குடும்பங்களின் அடுப்பு எரிய வேண்டும் என்று இன்றைக்கும் வாதாடுவேன், உங்களிடமும்.

ஆனால் பொய்... அதை எதைக்கொண்டு நியாயப்படுத்துவேன்? 'உண்டு' என்று எழுதிவிட்டு வேறு நேரம் தேடியிருக்கலாம். ஒரு மாதம் மேல்குழுவோடு மல்லுக்கட்டியிருக்கலாம். ஏன் செய்யவில்லை? முப்பது பேருக்காகவா? இல்லை... என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் எனக்கு அத்தனை மோகம்! அதில் ஓர் ஓட்டை இருப்பதைப் படிவத்தில் காட்ட மனம் வரவில்லை. தர்ஷினி இத்தனை காலைகளாக இருமியது அதற்காகத்தான். அந்தக் காலைகளை அவளுக்கு யார் திருப்பித் தருவது?

வடிகட்டி வர இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. திங்கட்கிழமை மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். பொய்யையும், மறைத்த புகாரையும். வேலை போனால் போகட்டும்! உலை நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றவும் கேட்பேன். பாலர்பள்ளி நண்பகலோடு முடிந்துவிடும்.

பிற்பகலில் காற்று ஊருக்குள் வீசும். நேரே எங்கள் அடுக்குமாடிக்கு. அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள். மூச்சிரைக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு நெஞ்சிலிருந்து எடுத்து இன்னொரு நெஞ்சில் புகையை வைக்க நான் யார்?

தெரியவில்லை. ஆனால் இந்த முறை கேட்காமல் எழுதமாட்டேன். அதற்கு முன், சனிக்கிழமை காலை, எங்கள் அடுக்குமாடியின் உச்சியான பதினாறாம் மாடியிலிருந்து இறங்கப் போகிறேன், ஒவ்வொரு கதவாக. 'ஐந்து வாரம் உங்கள் ஜன்னலுக்குப் புகை வரும். அதை இந்தப் பக்கம் அனுப்பச் சொல்லிக் கேட்பது நான்தான். சம்மதமா?' வேண்டாம் என்று பாதிப் பேர் சொன்னால், உலையை அணைக்கச் சொல்லி என் கையாலேயே எழுதுவேன். அதை அந்த முப்பது பேரிடமும் நானே போய்ச் சொல்வேன்.

திட்டுவார்கள். திட்டட்டும். முகத்தில் கதவைச் சாத்துவார்கள். சாத்தட்டும்! பக்கத்துக் கதவைத் தட்டுவேன்.