ரெமிக்கு மட்டும் செய்யாத கல்

குவாரித் தெருவில் கிளாடெட் போல்டுக்கின் வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "வாசல்ல கல்லறை இருக்குமே, அந்த வீடு" என்பார்கள். அக்டோபரில் மூன்று வாரம் மட்டுமே இருக்கிற கல்லறை அது. ஆனாலும் வருஷம் முழுக்க அதுதான் விலாசம்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கிரானைட்டில்தான் பிழைப்பு. மலையிலிருந்து இறங்குகிற கல் பட்டறைக்கு வந்து, அறுபட்டு, மெருகேறி, பேர் வெட்டப்பட்டு, எங்கோ யாரோ ஒருவரின் தலைமாட்டில் போய் நிற்கும். கிளாடெட்டின் கணவன் அர்மாண்ட் அங்கே மெருகு போடுகிறவன். கிளாடெட் எழுத்து வரைகிறவள். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் அவள் மேஜைக்கு முன்னால்தான் வந்து உட்காருவார்கள். பேரும் தேதியும் சொல்லிவிடுவார்கள். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிப்பார்கள். அவள் அவசரப்படுத்த மாட்டாள். காப்பி ஊற்றிக் கொடுத்து, "காலையில எழுந்ததும் அவரு முதல்ல என்ன பண்ணுவாரு?" என்று சம்பந்தமே இல்லாமல் கேட்பாள். அழுதும் சிரித்தும் அவர்கள் சொல்லிக்கொண்டே போவதில் ஒரு வரி தானாக வந்து விழும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு குடும்பத்தையும் அவள் வரி இல்லாமல் திருப்பி அனுப்பியதில்லை.

அக்டோபர் கடைசி நாள் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற ஹாலோவீனுக்கும் அந்தக் கையேதான் வேலை செய்தது. குளிருக்காகச் சுவருக்குள் வைக்கிற இளஞ்சிவப்புத் தெர்மாகோல் பலகையை வாங்கி வந்து, ரொட்டி வெட்டுகிற கத்தியால் கல்லறைக் கல் மாதிரி தலைப்பக்கம் வளைவாக அறுப்பாள். சால்டரிங் அயர்னின் சூட்டு முனையால் எழுத்துகளை உருக்குவாள். சாம்பல் நிறச் சாயத்தில் பட்டறையிலிருந்து காப்பி டின்னில் அள்ளி வந்த கிரானைட் தூளைக் கலந்து பூசுவாள். கொல்லையில் படர்ந்திருக்கும் பாசியைச் சுரண்டி ஓரத்தில் ஒட்டுவாள். பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார்கள்.

ஒவ்வொரு கல்லிலும் தெருவிலுள்ள ஒருவர் பேர் இருக்கும். உயிரோடு இருக்கிறவர் பேர்தான்! அவரவர் வரியை அவரவரே கொண்டு வர வேண்டும். எதிர்வீட்டு பெவ் கொமோலி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் கல்லில் "கடைசி நிறுத்தம், எல்லாரும் இறங்குங்க" என்று இருந்தது. குழாய் ரிப்பேர்காரரின் கல்லில் "சொன்ன நேரத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை" என்று அவர் மனைவி எழுதச் சொன்னாள். கல்லில் பிழைக்கிறவர்களுக்குக் கல்லைப் பார்த்து என்ன பயம்? வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள் கிளாடெட். தலையில் ஒரு நரைமுடியாவது இருந்தால்தான் கல். சின்னவர்கள் பேரில் செய்ய மாட்டாள். தெருவுக்கெல்லாம் சட்டம் என்று பேர். உண்மையில் அது ஒருத்தனுக்காக ஏற்பட்டது. அவளுடைய ஒரே மகன் ரெமி.

அவனோ விடுகிற ஆள் இல்லை. எட்டு வயதிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு வரியோடு வந்து நிற்பான். பதினைந்து வயதில் ஒருநாள் முன்தலையில் ஒரு முடியை ஒயிட்னரால் பூசிக்கொண்டு வந்து தலையைக் குனிந்து காட்டினான்.

"இதோ பாரு, நரை. இப்போ செஞ்சுதான் ஆகணும்."

"கழுவிட்டு வா, கழுதை. உன் பேரை என் கையால எழுத மாட்டேன்."

"தெருவுல எல்லாருக்கும் இருக்கு, எனக்கு மட்டும் இல்ல. நான் என்ன தத்துப் பிள்ளையா?"

"ஆமா, குவாரியில பொறுக்கிட்டு வந்தோம். போ."

வளர்ந்து, அப்பனோடு பட்டறைக்கே வேலைக்கு வந்த பிறகும் இந்தக் கூத்து ஓயவில்லை. கற்களை வாசலில் நடுவதெல்லாம் அவன்தான். காற்று பிடுங்காமல் இருக்க ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு கம்பி செருகி அடித்து இறக்குவான். இறக்கிவிட்டு, நடுவில் ஓர் இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டு, "இது எனக்கு ரிசர்வ்டு" என்பான். அவள் அந்த இடத்தில் ஒரு பூசணிக்காயைக் கொண்டுபோய் வைத்துவிடுவாள்.

இந்த மார்ச் மாதம் ஏரியில் பனிக்கட்டி இளகத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் பிடிக்கப் போனவன், பனிக்கட்டி உடைந்து பனிவண்டியோடு தண்ணீருக்குள் போய்விட்டான். இருபத்து மூன்று வயது. எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் மண் தோண்ட வராது. மே மாதம் மண் இளகும்வரை அவன் கல்லறைத் தோட்டத்துக் குளிரறையில் காத்திருந்தான், அவளும் காத்திருந்தாள். பெற்ற பிள்ளையை இரண்டு மாதம் வெளியே வைத்திருந்து பிறகு புதைப்பது என்ன கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜூன் மாதமே அர்மாண்ட் கல்லை எடுத்துவிட்டான். குவாரியிலேயே நல்ல அடுக்கில் இருந்த கல். அறுத்ததும் மெருகு போட்டதும் அவனேதான், வேலை நேரம் முடிந்த பிறகு, யாரையும் பக்கத்தில் விடாமல். பிறகு அதன் மேல் ஒரு கம்பளியைப் போர்த்தி மூலையில் நிறுத்தினான். எழுத்துதான் பாக்கி.

எழுத்துதான் வரவில்லை. அவள் தாளை விரிப்பாள், பென்சிலைச் சீவுவாள், சீவிக்கொண்டே இருப்பாள். பட்டறையில் எழுத்து வரைகிற மற்றவர்கள் தயங்கித் தயங்கி, "நான் வேணா..." என்று ஆரம்பித்தால், "வேற யாரு கையும் அதுல படக்கூடாது" என்று சீறினாள். தானும் எழுதவில்லை, பிறரையும் விடவில்லை. ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. ரெமி கிடந்த இடத்தில் ஒரு தகரப் பலகையில் எண் மட்டும் இருந்தது. அர்மாண்ட் வாயைத் திறந்து மகன் பேரைச் சொல்வதையே விட்டுவிட்டான்.

அக்டோபர் இரண்டாவது வாரம் வந்தது. கிளாடெட் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெவ் தன் வாசலில் தொங்கவிட்டிருந்த எலும்புக்கூட்டை அவிழ்த்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு கார் ஷெட்டுக்குள் கொண்டுபோனாள். அப்போதுதான் கிளாடெட் தெருவைச் சரியாகப் பார்த்தாள். ஒரு வீட்டிலும் ஒன்றும் இல்லை. தேயிலைச் சாயத்தில் நனைத்த பேய்த் துணிகள் இல்லை, பால் கேனில் செய்த முகங்கள் இல்லை, மரத்தில் பஞ்சுச் சிலந்திவலை இல்லை. எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு அவளுக்காகத் தெருவைத் துடைத்து வைத்திருந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசு அவளை அறைந்ததுபோல் இருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைக் கடந்து போனாள்.

"எலும்புக்கூடு எங்கடி?"

பெவ் திருதிருவென்று விழித்தாள். "அது... கால் கழண்டு போச்சு. இந்த வருஷம் எனக்கு மனசில்ல, கிளாடெட்."

"யாருக்காக மனசில்ல? எனக்காகவா?"

"உன் வாசலுக்கு நேரா மண்டையோட்ட தொங்கவிட்டுட்டு நான் எப்படி டீ குடிப்பேன், சொல்லு." பெவ்வுக்கு அழுகை வந்துவிட்டது. "அவன்தான் வருஷா வருஷம் ஏணி போட்டு மாட்டித் தருவான்."

"தெரியும். என் வீட்டுச் சாவு என்னோட இருக்கட்டும். தெருவையே சாகடிக்காதீங்க. பிள்ளைங்க பையைத் தூக்கிட்டு எங்க போகும்? எல்லாரும் வழக்கம்போல வரியைக் கொண்டு வாங்க. சப்புன்னு இருந்தா திருப்பி அனுப்பிருவேன்."

வரிகள் வந்தன. சப்பென்றுதான் வந்தன. சாவை வைத்துச் சிரிக்க யாருக்கும் நாக்கு எழவில்லை. "நல்ல அண்டை வீட்டார்" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். அவள் அதைக் கிழித்துப் போட்டு, "உங்க குறட்டைய பத்தி உங்க பொண்டாட்டிகிட்ட கேட்டு எழுதிட்டு வாங்க" என்று அனுப்பினாள். பலகை அறுத்தாள், உருக்கினாள், தூள் பூசினாள். பத்து நாளில் பதினான்கு கற்கள் அவள் கார் ஷெட்டில் வரிசையாகக் காய்ந்தன.

பதினைந்தாவது பலகையை அறுத்துக்கொண்டிருக்கும்போது அர்மாண்ட் ஷெட் வாசலில் வந்து நின்றான்.

"தபால்காரனுக்குச் செஞ்சாச்சு. குழாய்க்காரனுக்குச் செஞ்சாச்சு. உசிரோட இருக்கிறவனுக்கெல்லாம் கல் செய்ற." அவன் குரல் உயரவில்லை; உயர்ந்திருந்தால் தேவலாம். "செத்துப்போனவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு மட்டும் உனக்குக் கை வரல."

"அர்மாண்ட்..."

"நான் என் வேலைய ஜூன்லயே முடிச்சேன், கிளாடெட்."

அவன் போய்விட்டான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, அதுதான் வலித்தது. பதினைந்து வருஷம் அந்தப் பிள்ளை கேட்டுக் கேட்டு நின்றான். பேரை எழுதினால் ஏதாவது ஆகிவிடும் என்று மறுத்தாள். எழுதவில்லை, ஆகிவிட்டது. இப்போது எழுதினால் மட்டும் என்ன மிச்சம் என்று நினைத்தாள். எழுதாமல் இருந்தால் மட்டும் என்ன மிச்சம் என்றும் நினைத்தாள். சால்டரிங் அயர்னைச் சொருகினாள்.

முதல் பலகையில் முதலெழுத்திலேயே அளவுக்கு மீறி உருகி ஓட்டை விழுந்தது. இரண்டாவதில் பேர் முடிந்தது, ஆனால் கோணலாக. பட்டறைக்கு வந்த புதுப் பையன்கூட அப்படி எழுத மாட்டான். கிரானைட் என்றால் மன்னிக்காது, தெர்மாகோல் மன்னித்தது. மூன்றாவது பலகையில் பேர் நேராக நின்றது. அதன் கீழே போன அக்டோபரில் அவன் கொண்டு வந்த வரியை எழுதினாள்.

அன்றைக்கு அவன் இதே கார் ஷெட்டில், கம்பி செருகிக்கொண்டே சொன்னான்: "'தட்டிவிட்டு உள்ளே வரவும்'னு போடும்மா. இல்லாட்டி நீ என் ரூமுக்கு வர்ற மாதிரி அங்கேயும் துவைச்ச துணியத் தூக்கிட்டுத் தட்டாமக் கொள்ளாம வந்துருவ."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு, முடியாது என்றாள்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் பதினைந்து கற்களையும் அவளே நட்டாள். கம்பி அடிக்கத் தெரியாமல் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டாள். ரெமியின் கல்லை நடுவில் வைத்தாள். அர்மாண்ட் வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்தான், படித்தான், பின்பக்கமாகப் போய் விறகு பிளக்கத் தொடங்கினான். பெவ் பார்த்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். வேடிக்கை பார்க்க வந்த பெரியவர்கள் அந்த ஒரு கல்லை மட்டும் பார்க்காததுபோல் கடந்தார்கள். தப்பு செய்துவிட்டோமோ என்று கிளாடெட் நினைத்தாள். இருந்தாலும் மிட்டாய்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு சூனியக்காரி, இரண்டு எலும்புக்கூடுகள், டைனோசர் ஒன்று. புல்வெளியில் ஒவ்வொரு கல்லாக நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். நடுக்கல்லுக்கு வந்ததும் சூனியக்காரி உரக்கப் படித்தாள்: "தட்டிவிட்டு உள்ளே வரவும்."

ஒரு நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ தட்டு."

"நீ தட்டுடா, பயந்தாங்கொள்ளி."

டைனோசர் கையை நீட்டித் தட்டியது. தட்டிய வேகத்தில் எல்லாரும் வீலென்று கத்திக்கொண்டு தெருமுனைவரை ஓடினார்கள். பிறகு சிரித்துக்கொண்டே திரும்பி வந்து வரிசையில் நின்று மறுபடி தட்டினார்கள். அடுத்து வந்த கூட்டமும் தட்டியது. கத்தியது, ஓடியது, சிரித்தது. அவன் செத்த பிறகு ரெமியின் பேரை வைத்து யாராவது சிரித்தது அன்றைக்குத்தான். கிளாடெட் மிட்டாய் கொடுத்துக்கொண்டே அழுதாள். பேய் வேஷத்தில் அதுவும் சேர்த்தி என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டன.

பின்பக்கத்தில் விறகு பிளக்கிற சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. பிள்ளைகள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்து தெரு அமைதியானபோது அர்மாண்ட் வீட்டு ஓரமாக வந்தான். கற்களுக்கு நடுவே நடந்துபோய், முட்டி மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தான். விரலை மடித்து இரண்டு தட்டு தட்டினான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. காலை ஷிப்டுக்கு அவன் மகனை எழுப்புவது அப்படித்தான். பதில் வருகிறவரைக்கும் நிற்கிறவன்போல் அப்படியே இருந்தான்.

பிறகு எழுந்து வந்து அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தான்.

"ரெமி..." என்று ஆரம்பித்தான். முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்தான். "ரெமி கல்லுக்கும் அதே வரியப் போட்டுரு."

அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது கிரானைட், அர்மாண்ட். தட்டினா விரல் வலிக்கும்."

"வலிக்கட்டும்," என்றான் அவன்.