ஆர்.ஐ.பி. என்கிற பாஸ்கல்

கரையான்சாவடியில் பாஸ்கல் செத்துப்போனார் என்று முதலில் சொன்னது யார் என்பதை இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. 1994 கிறிஸ்துமஸுக்குள் அந்தச் செய்தி பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போய்விட்டது. பாஸ்கல் அப்போது அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், தன் வீட்டில், இடது கையால் சோறு பிசையப் பழகிக்கொண்டிருந்தார்.

அவர் சாவுக்குக் காரணம் அவருடைய இனிஷியல்.

ராயப்பன் தாத்தா, இன்னாசி அப்பா. அப்பா பெயரின் முதல் எழுத்தே யாருக்கும் போதும். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இரண்டு ஐ. பாஸ்கல்கள் இருந்தார்கள். ஒரு பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். எரிச்சலான வாத்தியார் இவருக்கு மட்டும் தாத்தாவின் எழுத்தையும் முன்னால் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஆர்.ஐ. பாஸ்கல்.

கொத்தனாராக இருந்த இன்னாசி மஞ்சள் காமாலையில் போனபோது பாஸ்கல் பத்தாம் வகுப்பில் இருந்தார். அம்மா சகாயம்மாள் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலைக்குப் போனார். மகன் கணக்கில் பெயிலாகி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டப் போனார். தகட்டை வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து டை என்கிற வெட்டும் அச்சு இறங்கி வெட்டும், எடுக்க வேண்டும். நாள் முழுக்க அதே தாளம். வேகம் குறைகிறது என்று கைக்கு முன்னால் இருக்கவேண்டிய தடுப்பைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள்.

ஷிப்ட் முடிந்தால் நாகேந்திரன் கடை. நாகேந்திரன் வானகரத்தில் நிலம் விற்ற பணத்தில் வீடியோ கேசட் கடை வைத்தவர். கேபிள் டி.வி. வந்து கேசட் வியாபாரம் படுத்ததும், ஷட்டருக்குள் வரிசையாக வீடியோ கேம் மெஷின்களை இறக்கினார். உள்ளே ஃபேன் கிடையாது. பையன்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.

பாஸ்கலின் மெஷின் கடைசியில் இருந்தது. விமானச் சண்டை. இடது கையில் குச்சி, வலது கையில் குண்டு போடும் பட்டன். பட்டனை இரண்டு விரலால் மாற்றி மாற்றித் தட்டுவார். தவில் மாதிரி சத்தம் வரும். ஒரு நாள் யாருமே பார்த்திராத ஸ்கோரைத் தொட்டார். மெஷின் மூன்று எழுத்து கேட்டது. கொடுத்தார்: ஆர், ஐ, பி.

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

"இன்னா மாமே, கல்லறைல எழுதறத எழுதிகீற?"

"டேய், அது எங்க தாத்தா பேரு, எங்க நைனா பேரு, என் பேரு."

"அப்ப மூணு பேரும் காலின்னு சொல்லு!"

பாஸ்கலுக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு அந்த மூன்று எழுத்து நன்றாகவே தெரியும். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, அழிந்துபோன எழுத்துகளைக் கறுப்புப் பெயின்டால் திரும்ப எழுதுவது அவர்கள் வேலை. ஜாதி மதம் பார்க்காமல் எல்லாப் பையன்களும் பிரஷ்ஷோடு போவார்கள். பிறந்த தேதி அழிந்திருக்கும், பெயர் பாதி அழிந்திருக்கும். ஆர்.ஐ.பி. மட்டும் எல்லாச் சிலுவையிலும் ஒரே மாதிரி இருக்கும்.

மற்ற மெஷின்களில் கரண்டு போனால் பெயர்களும் போய்விடும். கடைசி மெஷினின் போர்டில் மட்டும் ஒரு சின்ன பேட்டரி வைத்துச் சால்டர் பண்ணியிருந்தது. நாகேந்திரனுக்கு அது தெரியும். யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

1994 அக்டோபரில், காலை ஷிப்டில், டை இறங்கியபோது பாஸ்கலின் வலது கை உள்ளே இருந்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், மூன்றும் போயின. ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த கம்பெனி சூப்பர்வைசர் கட்டில் ஓரத்தில் நின்று, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "ராத்திரி பூரா கேம் ஆடுறான், காலைல வந்து மெஷின்ல தூங்குறான். நாங்க இன்னா பண்றது?" அடுத்த முறை வந்தபோது அது கொஞ்சம் மாறியிருந்தது: "நஷ்ட ஈடு வாங்கறதுக்குன்னே கைய உடுற ஆளுங்க கீறாங்க." சகாயம்மாள் ஹார்லிக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷம் பையன்கள் கல்லறைக்குப் பெயின்ட் அடிக்கப் போனபோது பாஸ்கலைக் கடையில் பார்த்து ஒரு மாதமாகியிருந்தது. சிலுவைக்கு முன்னால் பிரஷ்ஷோடு குந்தியிருந்த எவனோ ஒருவன் தான் எழுதிக்கொண்டிருந்த ஆர்.ஐ.பி.யையும் பாஸ்கல் கடைக்கு வராததையும் சேர்த்துப் பார்த்தான். அவ்வளவுதான்.

பிறகு கதை தானாகவே வளர்ந்தது. ஆர்.ஐ.பி. செத்துவிட்டார், அதனால்தான் கரண்டு போனாலும் அவர் பெயர் போவதில்லை. அவர் ஸ்கோரை நெருங்கினால் கை மரத்துப்போகும். நெருங்கிய ஒருவன் மறுநாள் சோடா பாட்டில் உடைந்து கையைக் கிழித்துக்கொண்டான், ஆதாரம் கிடைத்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட் வேலைக்காரர்கள் வழியாக சூப்பர்வைசர் பேச்சும் வந்து சேர்ந்தது. கதையில் அது இப்படி ஆனது: யாராலும் ஜெயிக்க முடியாத ஆட்டத்துக்காக அவர் தன் கையையே ஒரு மெஷினுக்குக் கொடுத்தார், வேண்டுமென்றே. திருவேற்காட்டிலிருந்தெல்லாம் சைக்கிளில் பையன்கள் வந்தார்கள். நாகேந்திரன் கடைசி மெஷினுக்கு மேல் இருந்த பல்பைக் கழற்றிவிட்டார்.

பாஸ்கல் முதலில் கேட்டுச் சிரித்தார். பிறகு அந்தத் தெருவையே விட்டுவிட்டார். வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றிப்போகப் பழகினார். வானகரத்தில் ஒரு குடோனில் கேட் பார்க்கிற வேலை கிடைத்தது.

1996இல் ரோஸி வந்தார். அயனம்பாக்கத்துப் பெண், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. பெண் பார்க்கப் போன அன்று பாஸ்கல் துண்டை எடுத்துவிட்டு, கையை மடிமேல் வைத்து உட்கார்ந்தார். காப்பி கொடுத்த ரோஸி அதையே பார்த்தார்.

"சைக்கிள் ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேன். பிரேக்கு மட்டும் எடது கையில."

"அப்ப போதும்."

சகாயம்மாள் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்கு முன் மூன்று இடத்தில் கையைப் பார்த்துவிட்டு, வேறு காரணம் சொல்லியிருந்தார்கள். இனி ஒரு இடம் வரும் என்று அவர் நம்பவில்லை.

கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகன் இன்னாருக்கும் இன்னாரின் மகள் இன்னாருக்கும் திருமணம். தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம். முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவது ஓலைக்கு முந்தைய சனிக்கிழமை, ரோஸியின் அப்பா தேவராஜ், வழக்கம்போல மாப்பிள்ளை பற்றி நாலு பேரிடம் விசாரிக்கக் கரையான்சாவடிக்கு வந்தார். ஆவடியில் சர்க்கார் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர், அளந்து பேசுகிறவர். பஸ்ஸை விட்டு இறங்கி, சோடாக் கடையில் நின்று, பக்கத்தில் நாகேந்திரன் கடை வாசலில் கூட்டமாக நின்ற பையன்களிடம் கேட்டார்.

"தம்பிங்களா, இங்க ஆர்.ஐ. பாஸ்கல்னு ஒருத்தர், தெரியுமா?"

"தெரியாம இன்னா பெர்சு? அவுரு செத்து ரெண்டு வருசம் ஆவுது."

"அவரு பேரு உள்ள கீது, வா, காட்றேன்."

தேவராஜ் உள்ளே போனார். பெயரைப் பார்த்தார். கதையை முழுசாகக் கேட்டார். நேராக சகாயம்மாள் வீட்டுக்கு வந்தார்.

"பேய் பிசாசெல்லாம் உடுங்க, அது பசங்க பேச்சு," என்றார். "ஆனா கைய அவரே உட்டாருன்னு சொல்றாங்களே. கம்பெனில கூட அப்படித்தான் பேச்சாமே. தன் கைய தானே வெட்டிக்கிறவருக்கு எப்படிம்மா பொண்ணு குடுக்கறது?"

சகாயம்மாள் பதில் சொல்வதற்குள் பாஸ்கல் சட்டையை மாட்டிக்கொண்டார். "வாங்க மாமா, போலாம். நான் உசுரோட கீறேன்னு தெரிஞ்சா மத்த கதையும் பொய்யின்னு ஆயிடும்."

"சரி மாப்ள, வாங்க," என்றார் தேவராஜ்.

சனிக்கிழமை சாயங்காலம், கடை நிறைந்திருந்தது. பாஸ்கல் உள்ளே போனபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காலத்துப் பையன்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், இவர்கள் புதுசு. கல்லாவில் நாகேந்திரன்.

"அண்ணாத்தே, சொல்லு இவங்களுக்கு. நான் யாரு?"

நாகேந்திரன் அவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "பாஸ்கல் ஜாடை கீது," என்றார். "அவன் தம்பியா நீ?"

கூட்டம் சிரித்தது. பாஸ்கல் காசைப் போட்டுக் கடைசி மெஷினில் நின்றார்.

இடது கை எதையும் மறக்கவில்லை. விமானம் அவர் நினைத்த இடத்துக்கு வழுக்கிக்கொண்டு போனது. பட்டன் பக்கம்தான் ஒன்றும் நடக்கவில்லை. சுண்டு விரலால் தட்டிப் பார்த்தார். கட்டை விரலால் அழுத்தினார். கடைசியில் உள்ளங்கையால் அடித்தார். குண்டுகள் ஒவ்வொன்றாக, தாமதமாகப் போயின. மூன்று விமானமும் எரிந்தன. மெஷின் பெயர் எழுதக் கேட்கும் அளவுக்குக்கூட ஸ்கோர் வரவில்லை. மேலே ஆர்.ஐ.பி. அப்படியே நின்றது.

"யோவ், நீ அவரு இல்ல. இந்த ஆட்டம் எங்க வூட்டுப் பாப்பா ஆடும்."

"பெரியவங்க பேர சொல்லிகினு வந்து ஓசி பேரு வாங்கலாம்னு பாத்தியா?"

பக்கத்தில் நின்ற ஒருவன் கையைப் பார்த்துவிட்டான்.

"டேய்... வெரலு இல்லடா."

முன்னால் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஒருவன் மட்டும், மரியாதையாகவே, கேட்டான்: "அப்ப மெய்தானா அண்ணாத்தே? வேணும்னேதான் கைய குடுத்தியா?"

தேவராஜ் பாஸ்கலின் தோளைத் தொட்டார். "அவங்கள உடுங்க. நான் கேக்கறேன். சொல்லிடுங்க. நீங்களா உட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். பாஸ்கல் வாயைத் திறந்தார். அப்போது அந்த அக்டோபர் காலை முன்னால் வந்து நின்றது. அவர் தூங்கவில்லை. பெடலும் டையும் போட்ட தாளத்தில், மனசுக்குள் விமானம் ஓடிக்கொண்டிருந்தது. வலது கை அந்தத் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தது. எங்கே தட்டியது? ஏன் உள்ளே போனது? இரண்டு வருஷமாக சூப்பர்வைசரும் பையன்களும் சொன்னதெல்லாம் அந்தக் காலைக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது. எது நடந்தது, எது சொன்னது என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"இல்லீங்க," என்றார்.

தாமதமாகிவிட்டது. தேவராஜ் கையை எடுத்திருந்தார்.

"சரி தம்பி," என்றார். "நான் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு, அப்படியே பஸ்ஸ புடிக்கிறேன்."

மாப்ள, தம்பியாகிவிட்டதைப் பாஸ்கல் கவனித்தார்.

மறுநாள் பூசையில் ஓலை வாசித்தார்கள். இரண்டு ஜோடி. இரண்டிலும் அவர் பெயர் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து சகாயம்மாள் எட்டி எட்டிப் பார்த்தார். வெளியே வந்ததும், "சாமியாரு மறந்துட்டாரா பாஸ்கலு? போய் கேளேன்," என்றார்.

"மறக்கலம்மா."

கடையில் கதை ஒரே நாளில் புது உரு எடுத்தது. ஆர்.ஐ.பி. சனிக்கிழமை நேரிலேயே வந்தார். விரல் இல்லாத கையோடு ஆடினார். யாருக்கும் தெரியக்கூடாது என்று வேண்டுமென்றே தோற்றார். பார்த்தவர்கள் நிறைய பேர் இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த வாரம் வேலை முடிந்து, டிபன் பையோடு ரோஸி குடோன் வாசலுக்கு வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"எங்கப்பா கேட்டதுக்கு ஏன் நின்னீங்க?"

"யோசிச்சேன்."

"இதுல யோசிக்க இன்னா கீது? ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல."

"கை அன்னிக்கி அதுவா ஆடிகினு இருந்துச்சி ரோஸி. நான் உட்டேனா, அது போச்சான்னு... எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப எனுக்கே வெளங்கல."

"அதெல்லாம் எங்கப்பாவுக்கு வேணாம். எனுக்கும் வேணாம். இல்லன்னு ஒரு வாட்டி என் மூஞ்ச பாத்து சொல்லுங்க. நான் போய்ப் பேசறேன். இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை கீது."

உள்ளிருந்து லாரி ஹாரன் அடித்தது. பாஸ்கல் போய்க் கேட்டைத் திறந்தார். லாரி மெதுவாகத் திரும்பி வெளியேறும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டைச் சாத்திவிட்டு வந்தபோது ரோஸி அதே இடத்தில் நின்றிருந்தார், லாரிப் புழுதியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"நம்புவேன்," என்றார். "சொல்லுங்க."

பாஸ்கல் அவர் முகத்தைப் பார்த்தார். சொல்லியிருக்கலாம். நான்கு எழுத்துகூட இல்லை. பொய்யாக இருந்துவிட்டால் அதை இந்தப் பெண் வாழ்நாள் முழுக்க நம்புவாளே என்று மட்டும் தோன்றியது. அவர் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்தார்.

ரோஸி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அடுத்த ஞாயிறு சகாயம்மாள் கோயிலுக்கு வரவில்லை, தலைவலி என்றார். பாஸ்கல் மட்டும் போய்க் கடைசி வரிசையில் நின்று, ஓலை வாசித்து முடிக்கும்வரை கேட்டுவிட்டு, வேலைக்குப் போனார்.